பசுமை முத்திரையும் பறிக்கும் கையும்

தேயிலைக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளில் இன்று ஒரு சொல் கொடிகட்டிப் பறக்கின்றது. "நிலைபேறு" என்பதே அச்சொல். காடு காக்கப்படுகின்றது, ஓடை காக்கப்படுகின்றது, மண் காக்கப்படுகின்றது, பறவை காக்கப்படுகின்றது என்று பளபளக்கும் தாள்களில் படங்களோடு அச்சிடுகின்றனர். பொதியின்மேல் பச்சைத் தவளையின் முத்திரையும் ஏறுகின்றது. இலண்டனிலும் பெர்லினிலும் அப்பொதியை வாங்குகின்றவர், தாம் அருந்தும் ஒவ்வொரு கோப்பையும் உலகுக்கு நன்மை செய்கின்றதென்று நம்பி மனநிறைவு கொள்கின்றார்.

காட்டையும் ஓடையையும் காப்பதை நாம் எதிர்க்கவில்லை. மண்ணைக் கெடுத்து வாழ்ந்தவர் எவருமிலர். ஆனால் நாம் கேட்கும் கேள்வி வேறு. இத்தொழிலில் நிலைபேறு யாருக்கு?

தோட்டத்தில் பிறந்த பிள்ளை பாடசாலையை விட்டதும் கொழும்புக் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் ஓடுகின்றது. தாய்மார் மேற்காசிய நாடுகளின் அடுக்களைகளுக்குப் போகின்றனர். கொழுந்து பறிக்க ஆளில்லை என்று கம்பனிகளே ஓலமிடுகின்றன. தொழிலாளியின் பிள்ளை திரும்பியும் பாராமல் விட்டோடும் ஒரு தொழிலுக்கு நிலைபேறு என்று பெயர் சூட்டுவது எந்த நியாயம்? மரத்தைக் காத்து மனிதனை இழக்கும் தொழில் நிலைக்குமா? நிலைக்காது என்பதே எமது வழக்கு. அவ்வழக்கை வரலாற்றையும் கணக்கையும் சட்டத்தையும் சாட்சியாகக் கொண்டு வாசகர் முன் வைக்கின்றோம்.

பயிர் மாறியது, முறை மாறவில்லை

இந்நாட்டின் மலைகளில் முதலில் செழித்தது கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளுக்குள் அப்பயிரைச் சாம்பலாக்கியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலை, அந்த அழிவின்மேல் எழுந்தது. துரைமார் பயிரை மாற்றினர், தொழிற்சாலையை மாற்றினர், சந்தையை மாற்றினர். ஆனால் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடன் துண்டோடு அழைத்துவரப்பட்ட மனிதரை வைத்து வேலை வாங்கும் முறையை மட்டும் மாற்றவில்லை.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற போராட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. மறுவருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. அதன்பின் வாக்குரிமையும் பறிபோனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு, 9,75,000 மனிதரைச் சந்தைச் சரக்கைப் பிரிப்பது போலப் பிரிக்க முற்பட்டனர். எஞ்சியோர் குடியுரிமையை முழுமையாகப் பெறுவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

தோட்டங்களின் கதை என்ன? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் அவற்றை அரசுடைமையாக்கியது. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, உழைப்பு தொழிலாளியினுடையது. அரசு ஒப்பமிட்டது, கம்பனி ஒப்பமிட்டது. தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தை வளப்படுத்தியவர்களின் ஒப்பம் எப்பத்திரத்திலும் இல்லை. நீதிமன்ற வாசலை மிதித்த எவரும் அறிவர்: ஒப்பந்தத்திற்கு உயிர் சம்மதம். அந்த உயிர் இத்தொழிலில் இன்றளவும் இல்லை.

கூலியின் கணக்கு

நாட்கூலியாக ஆயிரம் ரூபா வேண்டுமென்ற குரல் 2015இல் எழுந்தது. தேர்தல் மேடைகளில் அக்குரலுக்கு எல்லாரும் கைதட்டினர். 2019இல் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படைக் கூலி 700 ரூபா. ஆயிரம் ரூபா 2021 மார்ச்சில் கூலிச்சபையின் வழியாகவே வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. அதையடுத்துக் கூட்டு ஒப்பந்தத்தைக் கம்பனிகள் கைவிட்டன.

அந்த ஆயிரம் ரூபாவுக்கு நேர்ந்த கதியை வாசகர் உன்னிப்பாக நோக்க வேண்டும். 2021 மார்ச்சில் அது ஏறத்தாழ 5 டொலர். 2022இல் ரூபா சரிந்து ஒரு டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது, அதே ஆயிரம் ரூபா 3 டொலருக்கும் குறைந்தது. தேயிலையோ டொலருக்கு விற்கும் பண்டம். கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை 2021க்கும் 2022க்கும் இடையில் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. உரமும் எரிபொருளும் ஏறின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் ஏறவில்லையா? விலை ஏறியபோது ஏறாத ஒரே பொருள் தொழிலாளியின் உழைப்பு. அந்த ஆயிரம் ரூபா 2024 செப்டெம்பர் வரை அசையவேயில்லை.

2024 மே மாதத்தில் 1,700 ரூபா என்று வர்த்தமானி வெளியாயிற்று. மீண்டும் வழக்கு. யூலை 4இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாவுக்கு உடன்பாடு காணப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 முதல் அடிப்படைக் கூலி 1,550 ரூபா என்றும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு 200 ரூபா ஊக்கத்தொகை தரும் என்றும் அறிவித்தது. தொழிலாளியின் கைக்கு வரும் ஒவ்வொரு சதத்தையும் நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியாது. தன் தொழிலாளிக்குத் தன் வருமானத்திலிருந்து கூலி கொடுக்க இயலாமல், மக்களின் வரிப்பணத்தை எதிர்பார்க்கும் ஒரு தொழில், எந்த முகத்தோடு தன்னை நிலைபேறானதென்று விளம்பரம் செய்கின்றது?

இனி மலையில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு நாட்பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று கொள்வோம். குறைந்தால் அரைப்பேர். சாக்கின் எடை என்றும் இலையின் ஈரம் என்றும் தராசடியில் கழிவு வேறு. பதினெட்டுக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறத்தாழ நான்கு கிலோ தேயிலையாகும். கிலோ 1,200 ரூபா என்று வைத்தால் 4,800 ரூபா. இதிலே தொழிற்சாலைச் செலவு, விறகு, உரம், போக்குவரத்து, தரகு யாவும் உண்டு. மிச்சமெல்லாம் இலாபமென்று நாம் கூறவில்லை. ஆனால் இதே நாட்டில், காலியிலும் மாத்தறையிலும் இரத்தினபுரியிலும் சிறுதோட்ட உடைமையாளர் இருக்கின்றனர். தேயிலை விற்ற பணத்தில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்பது அவர்களுக்கான விலைச் சூத்திரம். மேற்படி நான்கு கிலோவுக்கு அவர் பெறுவது 3,264 ரூபா. உரமும் பறிகூலியும் அவர் செலவு என்பது மெய்யே. எனினும் தன் இலைக்கு உலகச் சந்தை தரும் விலையில் தன் பங்கு எவ்வளவு என்பதை அவர் அறிவார். தோட்டத் தொழிலாளி அறிவாரா?

இன்று இந்நாட்டுத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத் தருபவர் இச்சிறு உடைமையாளரே. தன் செடி என்ற உணர்வு விளைத்த விளைச்சல் அது. நிலைபேற்றின் இரகசியத்தைத் தேடி வெளிநாட்டு நிபுணரை அழைக்க வேண்டியதில்லை. மாத்தறைக்கு ஒரு பயணச்சீட்டு எடுத்தாற் போதும்.

கம்பனிகளின் விடை

"எங்கள் தொழிலாளி ஒரு நாளில் பறிப்பது அசாமிலும் கென்யாவிலும் பறிப்பதைவிடக் குறைவு, உற்பத்திச் செலவிலே பெரும்பங்கு கூலிக்கே போகின்றது" என்பது கம்பனிகளின் விடை. அவ்விடையை ஒதுக்கித் தள்ளாமல் ஆராய்வோம்.

பறிப்பது ஏன் குறைகின்றது? கை சோம்பியதனாலா, செடி கிழடானதனாலா? பல மலைகளில் நிற்பவை வெள்ளையர் காலத்து விதைச் செடிகள். ஆண்டுதோறும் தேயிலை நிலத்தில் 2 வீதமேனும் மறுநடுகை செய்ய வேண்டுமென்பது விதி. பெருந்தோட்டங்கள் அந்த அளவை எட்டுவதில்லை. மறுநடுகை செய்த நிலம் பலன் தரச் சில ஆண்டுகள் செல்லும். குத்தகைக்காரன் அவ்வளவு காலம் பொறுப்பானா? பட்டுப்போன செடிகளுக்கிடையே வெற்றிடங்கள், செடி மறையும் அளவுக்குப் புல். அந்த மலையில் ஏறி இறங்கி 18 கிலோ பறிக்கும் பெண்ணைப் பார்த்து உற்பத்தித்திறன் போதாது என்கின்றனர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கோணலாக்கியவர்களே ஆடுகின்றவளைக் குறை சொல்கின்றனர்.

பெண் என்று நாம் சொன்னது காரணத்தோடுதான். கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம கூலி என்பது 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தின் பின்னரே வந்தது. கூலி சமமாயிற்று, நாள் சமமாகவில்லை. கவ்வாத்து வெட்டும் ஆண் பகலோடு வீடு திரும்புவான். கொழுந்துக்காரி மாலைத் தராசு வரை மலையிலே நிற்பாள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவளும் அவளே. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெரும்பாலும் ஆண்கள்; சங்கத் தலைமையும் அப்படியே. முழுத் தொழிலையும் தாங்குகின்ற கைக்குத் தராசின் முள்ளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் உரிமையில்லை. அட்டை கடித்த காலும் கூடைக் கயிறு அழுத்திய தலையும் எந்த ஆண்டறிக்கையின் பசுமைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

முத்திரை தரும் அமைப்புகளின் விதிகளில் தொழிலாளர் உரிமையும் எழுதப்பட்டிருக்கின்றதே என்பர். எழுதப்பட்டிருக்கின்றது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? பரிசோதகர் வரும் நாள் முன்கூட்டியே தெரியவந்து, லயத்துக்கு வெள்ளை பூசி, துரையின் பக்கத்தில் நிறுத்தி வைத்துத் தொழிலாளியைக் கேட்டால், அவர் என்ன சொல்வார்? எதிராளியின் கண் முன்னே, அவனுடைய கூரையின் கீழ் குடியிருக்கும் ஒருவரிடம் பெறும் வாக்குமூலத்தை எந்த நீதிபதி ஏற்பார்?

லயமும் மலைச்சரிவும்

அந்தக் கூரையைப் பற்றியும் பேசியாக வேண்டும். நூற்றாண்டு கடந்த லயங்களில் இன்றும் பெருந்தொகையான குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு காம்பராவும் ஒரு குசினியும் மூன்று தலைமுறைக்கு. இந்திய அரசின் உதவியோடும் அரசின் திட்டங்களின் கீழும் ஏழு பேர்ச்சில் தனி வீடுகள் எழுந்தன, அது நல்லதே. ஆனால் தேவையின் முன்னே அவை மிகச் சில. வீடு கிடைத்தோருள்ளும் உறுதி கிடையாதோர் பலர். உறுதியில்லாத வீடு இரவல் குடை போன்றது. வங்கி அதன்மேல் கடன் தராது; பிள்ளைக்கு அதை எழுதி வைக்க முடியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கோப்பிலே கிடந்தது. மக்கள் சரிவிலே கிடந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களைப் பிளந்தபோது அதே கொடுமை பன்மடங்காகத் திரும்பி வந்தது. போக வேறு நிலமில்லாதவர்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? நிலைபேறு என்பதன் முதற்பொருள், மழை பெய்யும் இரவில் அச்சமின்றி உறங்கும் நிலம். அதைக் கொடாதவர் ஓடைக் கரையில் நூறு மரம் நட்டுப் படம் பிடிப்பதில் யாருக்கு என்ன பெருமை?

ஆணையால் வராது

வயலும் தோட்டமும் செய்யும் எமது வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியால் இரசாயன உரத்தின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. இயற்கை விவசாயம் தீதென்று யார் கூறினர்? எமது முன்னோர் செய்ததும் அதுதான். ஆனால் உழவனைக் கேட்டார்களா? மாற்று உரம் ஆயத்தமாக இருந்ததா? மண் மாறுவதற்குக் காலம் கொடுத்தார்களா? கிளிநொச்சியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் நெற்கதிர் சாவியாகிப் போனதை எமது வாசகர் தம் கண்ணாற் கண்டனர். அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிற்று, நட்டம் நீங்கவில்லை. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தியும் 2022இல் 250 மில்லியன் கிலோ அளவுக்கு வீழ்ந்தது.

அப்பாடத்தின் சாரம் ஒன்றே. செய்கின்றவனைக் கேளாமல் மேலிருந்து இறங்கும் பசுமை, பசுமையன்று, வெறும் ஆணை. உழவனுக்கு அது உண்மையானால் தோட்டத் தொழிலாளிக்கும் உண்மையே.

வருமானப் பங்கு: நிபந்தனையோடு

இப்போது கம்பனிகள் ஒரு புதிய வழியை முன்வைக்கின்றன. செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாம். பராமரித்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்று வருமானத்தைப் பங்கிடுவதாம். நாட்கூலியிலிருந்து பங்காளி நிலைக்கு உயர்த்தும் எந்த முயற்சியையும் நாம் எடுத்த எடுப்பில் எதிர்க்கமாட்டோம். ஆனால் பத்திரத்தைப் படிக்காமல் கையொப்பமிடுமாறு எவருக்கும் ஆலோசனை கூறவும் மாட்டோம்.

பங்காளி என்று பெயர் மாறிய மறுகணமே அவர் "ஊழியர்" அல்லர் என்று வாதிக்க வழி திறக்கின்றது. ஊழியர் இல்லையேல் கம்பனி செலுத்தும் 12 வீத ஊழியர் சேமலாப நிதி இல்லை. 3 வீத நம்பிக்கை நிதி இல்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தரும் பணிக்கொடை இல்லை. பிரசவ விடுமுறையும் இல்லை. உரத்தின் விலை கடனாக எழுதப்பட்டுக் கொழுந்தில் கழிக்கப்படும். நிலத்திலோ உரிமை பிறக்காது. கங்காணி காலத்துக் கடன் துண்டு கணினித் துண்டாகத் திரும்பி வருவதற்குப் பெயர் பங்குடைமையா?

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. பங்கு ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டு, கையொப்பமிடுமுன் சுயாதீனமான சட்ட ஆலோசனை பெற வாய்ப்பளிக்கப்பட வேண்டும். சேமலாப நிதியும் பணிக்கொடையும் பிரசவ உரிமையும் குறைவின்றித் தொடர வேண்டும். விலைச் சூத்திரம் சிறு உடைமையாளருக்கு உள்ளதைப் போலச் சட்டத்தால் நிறுவப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் பறிக்கும் பெண்ணின் பெயர் முதலில் நிற்க வேண்டும். தராசைத் தொழிலாளரின் பிரதிநிதி பார்வையிட வேண்டும். குடியிருக்கும் நிலத்துக்கு, சரிவற்ற இடத்தில், முழு உறுதி வழங்கப்பட வேண்டும். முத்திரை தரும் பரிசோதகர் துரை இல்லாத இடத்தில் தொழிலாளியைக் கேட்க வேண்டும். இவற்றில் எதுவும் தொழிலை அழிக்கும் கோரிக்கையன்று. தொழிலைக் காப்பாற்றக்கூடியவை இவை மாத்திரமே.

எமக்கு என்ன என்பார்க்கு

மலையகத்தின் பிரச்சினை மலையகத்துக்கு என்று கூறுவார் எம்மிடையே உளர். அவர்களுக்கு வரலாற்றை நினைவூட்டுகின்றோம். 1949 டிசெம்பரில் திரு. செல்வநாயகம் முதலானோர் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்ததற்கு, மலையக மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்ட அநீதி முதற் காரணங்களுள் ஒன்று. அன்று அவர்களைக் கைவிட மறுத்த கொள்கையின் மேலேயே எமது அரசியல் எழுந்தது.

1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி அம்மக்களில் பல்லாயிரவர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தனர். காட்டை வெட்டினர், வன்னியின் வயல்களில் நாற்று நட்டனர், களை பிடுங்கினர், போரையும் எம்மோடு சுமந்தனர். அவர்களுள் இன்றுவரை காணி உறுதி இல்லாதோர் எத்தனை பேர்? அவர்களின் உழைப்பில் மிளகாயும் நெல்லும் விளைவித்து, கூலியைப் பேசும்போது மட்டும் வேற்றூரவர் என்று ஒதுக்கும் எம்மவர் சிலர், கம்பனித் துரையைக் கண்டிக்கும் உரிமையை எங்கே பெற்றனர்? நிலைபேறான தொழில் என்னும் அளவுகோல் மலையில் ஒன்றாகவும் வயலில் வேறாகவும் இருக்க முடியாது.

வழக்கறிஞரே! வாரத்தில் ஒரு நாளேனும் அம்மக்களின் பத்திரங்களைப் படித்துக் கொடுங்கள். கணக்காளரே! கம்பனிகளின் ஆண்டறிக்கையில் பசுமைப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கூலிப் பக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். ஆசிரியரே! தோட்டப் பாடசாலையின் வெறுமையான கணித வகுப்பை நிரப்புங்கள். கமக்காரரே! உமது வயலில் இறங்கும் கைக்கு உரிய கூலியைக் கொடுத்து, அது குடியிருக்கும் துண்டு நிலத்துக்கு உறுதி பெற்றுக்கொடுக்க உமது சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

கோப்பியை இலைநோய் அழித்தது. அதற்குத் துரைமார் தேயிலையிலே மாற்றுக் கண்டனர். இன்று தேயிலையைப் பீடித்திருப்பது இலையின் நோயன்று, நீதியின்மை என்னும் நோய். இதற்கு மாற்றுப் பயிர் கிடையாது. பறிக்கும் கைக்கு உரிமை கொடுத்தால் அத்தொழில் வாழும். கொடாவிடில், பச்சை முத்திரை பொறித்த பொதிகள் இருக்கும். அவற்றை நிரப்பக் கொழுந்து இராது.